சும்மா நின்ற வண்டி

இந்தக் கதையில் குருவுக்கு வயது நாற்பத்து மூன்று, சீடருக்கு ஐம்பத்தைந்து. குரு ஒரு பெண். சீடருக்கு மூன்று நாள் தாடி இருந்தது, அதிலும் பாதி கிரீஸ். காடு, மரவுரி, கமண்டலம் எதையும் எதிர்பார்க்க வேண்டாம். கோயமுத்தூரில் சிங்காநல்லூருக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட ஒரு கார் ஒர்க்‌ஷாப். அதுதான் ஆசிரமம்.

குருவின் பெயர் தமயந்தி. பாலிடெக்னிக்கில் பதினைந்து வருடம் பாடம் எடுத்தவர். எஞ்சினைப் படத்தில் மட்டும் பார்த்துவிட்டுப் பரீட்சை எழுதுகிற பிள்ளைகளிடம் சலித்துப்போய் வேலையை விட்டார். பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டுகிற ஹைபிரிட் கார்களைப் பழுது பார்க்க ஆரம்பித்தார். வேலையை விட்டும் பேர் விடவில்லை. எல்லோருக்கும் அவர் டீச்சர்தான்.

சீடர் நாச்சிமுத்து. முப்பது வருடம் சொந்தக் கடை வைத்திருந்தவர். அவருடைய சொத்து அவருடைய காது. வண்டி தெருமுனையில் திரும்பும்போதே எது தட்டுகிறது, எது உரசுகிறது என்று சொல்லிவிடுவார். சந்தேகம் வந்தால் ஸ்குரு டிரைவரின் நுனியை எஞ்சின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். பெரிய பெரிய கம்பெனி ஆட்கள் தோற்றுப்போன வண்டிகள் அவரிடம் வந்து குணமாகிப் போயிருக்கின்றன.

பிறகு ஹைபிரிட் வண்டிகள் வந்தன. அவற்றில் கேட்பதற்குப் பாதி நேரம் ஒன்றுமே இல்லை. நாச்சிமுத்து கடையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு, தன்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவரிடம் படிக்க வந்து நின்றார். அந்த வயதில் அப்படி வந்து நிற்க ஒரு நெஞ்சுரம் வேண்டும். அவரைப் பற்றி இனி நான் என்ன சொன்னாலும், இதை மறந்துவிட வேண்டாம்.

அவர் வந்து ஆறு மாதம் கழித்துப் பர்வீன் வந்தாள். வயது முப்பத்தொன்று. பம்ப்செட் கம்பெனியில் எட்டு வருடம் மோட்டாருக்குச் செம்புக் கம்பியால் காயில் சுற்றியவள். கார் எஞ்சினை அதுவரை தொட்டதில்லை.

"அம்மிணி, ஸ்பேனர் பிடிக்கத் தெரியுமா?" என்று முதல் நாள் கேட்டார் நாச்சிமுத்து.

"நீங்க சொல்லிக் குடுங்கண்ணா, பிடிக்கிறேன்" என்றாள்.

சொல்லிக் கொடுத்தார். மனசாரத்தான் கொடுத்தார். அப்போது அவள் அவருக்குக் கீழே இருந்தாள்.

ஒர்க்‌ஷாப்பில் ஒரே ஒரு ஜோடி தடித்த ரப்பர் கையுறை இருந்தது. ஹைபிரிட் வண்டியில் பெரிய மின்சாரம் ஓடுகிற ஆரஞ்சு ஒயர்களைத் தொடுகிறவர்தான் அதைப் போடலாம். அதுவரை டீச்சர் மட்டுமே போட்டுக்கொண்டிருந்தார்.

"ஆடி முடியட்டும். உங்க ரெண்டு பேர்ல ஒருத்தருக்குத் தர்றேன்" என்று சொல்லியிருந்தார்.

நாச்சிமுத்து அந்தக் கையுறை தனக்குத்தான் என்று முடிவு செய்துவிட்டார். முப்பது வருட அனுபவம் சும்மாவா?

ஒருநாள் டீச்சரிடம் கேட்டார்.

"டீச்சர், ஒரு சந்தேகமுங்க. இப்ப வர்ற பெட்ரோல் வண்டியும் சிக்னல்ல எஞ்சினை நிறுத்துது. அப்பறம் கிளப்புது. ஹைபிரிட்டும் அதையேதான் பண்ணுது. இதுல என்னங்க பெரிய வித்தியாசம்?"

டீச்சர் கையைத் துடைத்துக்கொண்டு, ஆணியிலிருந்து இரண்டு சாவிகளை எடுத்தார்.

"ஓட்டுங்கண்ணா."

முதலில் பெட்ரோல் கார். சிக்னலில் நின்றதும் எஞ்சின் அணைந்தது.

"என்ன கேக்குது?"

"ஒண்ணுமில்லீங்க. நின்னுருச்சு."

"பிரேக்ல இருந்து காலை எடுங்க."

எடுத்தார். கிர்ரென்று ஒரு சத்தம். வண்டி உடம்பை ஒரு உலுக்கு உலுக்கிவிட்டுக் கிளம்பியது.

"இப்ப ஏன் கிளம்புச்சு?"

"நான் காலை எடுத்தனுங்க."

அடுத்த திருப்பத்தில் ஓரமாக நிறுத்தச் சொன்னார். காலைப் பிரேக்கில் வைத்திருக்கச் சொல்லிவிட்டு, தானே இறங்கி பானெட்டைத் திறந்து மூடிவிட்டு வந்தார். இப்போது நாச்சிமுத்து காலை எடுத்தார். எஞ்சின் எழவில்லை. சாவி போட்டுத் தொடங்கினால்தான் ஆயிற்று என்று பிடிவாதமாக நின்றது.

"இது சொன்ன பேச்சுக் கேக்கற வண்டி. மூடியைத் தொறந்தா அடங்கிரும்" என்றார் டீச்சர்.

திரும்பி வந்து ஹைபிரிட் காரை எடுத்தார்கள். சிக்னலுக்கு இன்னும் முப்பது அடி இருக்கும்போதே எஞ்சின் அணைந்துவிட்டது. அது எப்போது அணைந்தது என்று நாச்சிமுத்துவின் பேர்பெற்ற காதுக்கே தெரியவில்லை. பச்சை விழுந்ததும் வண்டி சத்தமில்லாமல் நகர்ந்தது. எஞ்சின் சாவகாசமாக, பாலத்தைத் தாண்டிய பிறகு வந்து சேர்ந்துகொண்டது.

அடுத்த சிக்னலில் நின்றார்கள். ஏசி குளிர்ச்சியாக ஓடிக்கொண்டிருந்தது. நாச்சிமுத்து காலை அசைக்கவில்லை, கையை அசைக்கவில்லை. திடீரென்று எஞ்சின் தானாக எழுந்தது.

நாச்சிமுத்து குனிந்து தன் காலைப் பார்த்தார்.

"நான் ஒண்ணும் பண்ணலீங்களே!"

"தெரியும்."

"அப்பறம் ஏனுங்க கிளம்புச்சு?"

"பேட்டரி எறங்கியிருக்கும். சூடு கொறைஞ்சிருக்கும். உள்ள ஒரு காரணம் இருக்கும். அதை உங்ககிட்டச் சொல்லோணும்னு அதுக்கு அவசியமில்ல."

"பானெட்டைத் தொறந்து வெச்சா?"

"தொறந்து வெச்சாலும் கிளம்பும். மீட்டர்ல ரெடின்னு பச்சை எழுத்து எரியற வரைக்கும் அது நிக்கலை. அதுக்குத்தான் காவல்."

காவல் என்பது அந்த ஒர்க்‌ஷாப்பின் வழக்கம். ஒருவர் பானெட்டுக்குள் கை விட்டால், இன்னொருவர் ஓட்டுநர் கதவுப் பக்கம் நிற்க வேண்டும். சாவியைத் தகரப் பெட்டியில் போட்டுப் பூட்ட வேண்டும். காவல் நிற்கிறவருக்கு வேறு வேலை கிடையாது. போன் பார்க்கக் கூடாது, டீ குடிக்கக் கூடாது. பச்சை எழுத்து எரிகிறதா என்று பார்க்க வேண்டும். எரிந்தால் "கை!" என்று கத்த வேண்டும். உள்ளே குனிந்திருப்பவர் ஏன், எதற்கு என்று கேட்காமல் கையை வெளியே இழுத்துக்கொள்வார்.

அன்று சாயங்காலம் இருவரையும் நிறுத்தி வைத்து டீச்சர் கேட்டார்.

"சிக்னல்ல ஹைபிரிட் வண்டி நிக்குது. எஞ்சின் அணைஞ்சிருச்சு. வண்டில இப்ப என்ன ஓடுது?"

"ஒண்ணும் ஓடலீங்க" என்றார் நாச்சிமுத்து.

பர்வீன் கொஞ்சம் யோசித்தாள்.

"எல்லாமே ஓடுது டீச்சர். எஞ்சின் மட்டும் ஓடலை. எப்ப அதை எழுப்பலாம்னு உள்ள பாத்துட்டே இருக்குது."

டீச்சர் சிரித்தார். வாய்விட்டுக்கூட இல்லை, உதட்டோரம்தான். அந்தச் சிரிப்பு நாச்சிமுத்துவின் வயிற்றில் போய் விழுந்து எரிந்தது.

சிக்னலுக்குக் கூட்டிப்போய் இரண்டு வண்டி ஓட்டவைத்துக் காட்டியது தனக்கு. விடை சொன்னது அவள். வண்டியில் ஏறாமலே சொல்லிவிட்டாள்.

இதற்குப் பொறாமை என்று பேர். நாச்சிமுத்து அதற்கு வேறு வேறு பேர் வைத்துப் பார்த்தார். அனுபவத்துக்கு மதிப்பில்லை என்றார். டீச்சருக்குப் பெண் பிள்ளை என்றால் ஒரு கரிசனம் என்றார். ஊர் கெட்டுப்போச்சு என்றுகூட ஒருநாள் டீக்கடையில் சொல்லிப் பார்த்தார். எந்தப் பேரும் ஒட்டவில்லை. பர்வீனுடைய கை மோட்டாருக்குள் போனால் எங்கே என்ன இருக்கிறது என்று அந்த விரல்களுக்குத் தெரிந்திருந்தது. எட்டு வருடம் காயில் சுற்றிய விரல்கள். அவர் காதால் கேட்டதை அவள் விரலால் கேட்டாள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

வண்டிக்காரர்கள் வேறு வந்து கேட்க ஆரம்பித்தார்கள்.

"அந்தப் பொண்ணு இல்லீங்களா?"

"ஏன், நான் இருக்கனுங்களே."

"இல்ல, அந்தப் பொண்ணு வரட்டுங்க. நான் வெயிட் பண்றேன்."

முப்பது வருடத்தில் நாச்சிமுத்துவிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. அவர் தலையை ஆட்டிவிட்டு, ஏற்கெனவே சுத்தமாக இருந்த ஸ்பேனர்களை எடுத்து மறுபடியும் துடைத்தார்.

ஆடி முடிய இரண்டு வாரம் இருந்தது. ஒரு புதன்கிழமை, பகல் பதினொரு மணி. டீச்சர் சாமான் வாங்க டவுனுக்குப் போயிருந்தார். லோகாம்பாள் என்று ஒரு அம்மா, பேங்க்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தன் ஹைபிரிட் காரைத் தானே ஓட்டிக்கொண்டு வந்தார். எஞ்சின் எழும்போது வண்டி கடகடவென்று ஆடுகிறது என்றார்.

"எஞ்சின் உக்கார்ற ரப்பர் போயிருக்கும்மா. பாத்துரலாம்" என்றாள் பர்வீன். "கொஞ்சம் எறங்கிக்கிறீங்களா?"

"முட்டி வலி கண்ணு. எறங்கி ஏறுனா உசுரு போகுது. நான் பேசாம உக்காந்துக்கறேன்."

வண்டிக்குள் ஆள் இருக்கக் கூடாது என்பது விதி. முட்டி வலியைப் பார்த்ததும் பர்வீன் விதியைக் கொஞ்சம் தளர்த்தினாள். வண்டியை அணைத்தாள், பச்சை எழுத்துப் போனதைப் பார்த்தாள், சாவியை வாங்கித் தகரப் பெட்டியில் போட்டுப் பூட்டினாள்.

"அண்ணா, காவல் நில்லுங்கண்ணா."

நாச்சிமுத்து ஓட்டுநர் கதவருகே போய் நின்றார். நான் வேலை கற்றுக்கொடுத்தவள் என்னைக் காவல் நிற்கச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டே நின்றார்.

பர்வீன் பானெட்டைத் தூக்கி, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு குனிந்தாள். வலது கை, எஞ்சின் ஓடினால் சுற்றுகிற பெல்ட்டுக்குப் பின்னால் போனது. மூலையில் பெரிய மின்விசிறி இரைந்துகொண்டிருந்தது.

லோகாம்பாளுக்கு வேர்த்தது. தகரக் கூரை, பதினொரு மணி வெயில், வேர்க்காமல் என்ன செய்யும்? அந்த அம்மாவின் கைப்பையில் இன்னொரு சாவி இருந்தது. அது பையில் இருந்தாலே போதும், வண்டிக்குத் தெரிந்துவிடும். வீட்டில் செய்வதுபோலப் பிரேக்கை மிதித்துப் பட்டனை அழுத்தினார். ஏசி ஓடத் தொடங்கியது. எஞ்சின் எழவில்லை. அது இன்னும் சூடாக இருந்தது, பேட்டரியிலும் தெம்பு இருந்தது. மின்விசிறி இரைச்சலில் வேறு எதுவும் கேட்கவில்லை.

பச்சை எழுத்து எரிந்தது.

நாச்சிமுத்து அதைப் பார்த்தார்.

வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார்.

டீச்சர் வருகிற நேரம்தான். வரட்டும். உள்ளே ஆளை உட்கார வைத்துக்கொண்டு, பச்சை எழுத்து எரிய எரியக் கையை விட்டிருக்கிற கெட்டிக்காரியைத் தன் கண்ணாலேயே பார்க்கட்டும். பானெட் திறந்திருக்கிறது, எஞ்சின் எழாது. இது பெட்ரோல் வண்டியின் குணம், இந்த வண்டிக்குப் பொருந்தாது என்று அவருக்குத் தெரியும். நடுரோட்டில் டீச்சர் சொல்லிக் கொடுத்த பாடம். ஆனாலும் அப்படி நினைப்பது அந்த நேரத்துக்கு அவருக்கு வசதியாக இருந்தது.

அவர் ஒன்றும் செய்யவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஒரு நிமிடம் இருக்கும். ஒன்றரை நிமிடமாகக்கூட இருக்கலாம்.

எஞ்சின் எழுந்தது.

பர்வீன் போட்ட சத்தம் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த பேக்கரி வரை கேட்டது.

ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நகத்தோடு சதை போயிருந்தது. நடுவிரலில் எலும்பு முறிந்திருந்தது. நாச்சிமுத்துதான் தன் துண்டைக் கிழித்துக் கட்டினார். அவர்தான் ஆட்டோ பிடித்தார். வழியெல்லாம் அவளுடைய கையை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போனார். டாக்டர் தையல் போட்டபோது அவருக்குத் தலை சுற்றியது, வெளியே பெஞ்சில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள்.

ஆஸ்பத்திரிக்கு வந்த லோகாம்பாள் அழுதார்.

"என்னாலதான் கண்ணு. நான்தான் பட்டனை அமுக்குனேன்."

"உங்களுக்கு எப்படிம்மா தெரியும்? நான்தான் உங்களை எறக்கிவிட்டிருக்கோணும்" என்றாள் பர்வீன்.

டீச்சர் நாச்சிமுத்துவைப் பார்த்தார்.

"காவல் நின்னது நீங்களா அண்ணா?"

"நான்தான் நின்னனுங்க டீச்சர்."

டீச்சர் அதற்குமேல் கேட்கவில்லை.

ஆடி முடிந்தது. கையுறை நாச்சிமுத்துவுக்கு வந்தது. கொடுக்க வேறு ஆள் இல்லை. டீச்சர் அதை மேசைமேல் வைத்து அவர் பக்கம் தள்ளினார், அவ்வளவுதான். கற்பூரம் காட்டி மாலை போடுவார்கள் என்று அவரும் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று அவருக்கு இருந்தது.

வேலை நன்றாகவே நடந்தது. அவர் மோசமான வேலைக்காரர் இல்லை. வண்டிக்காரர்கள் அவரைத் தேடி வந்தார்கள். பர்வீனைப் பற்றி நினைத்தால் இரக்கம் மட்டுமே வந்தது. இரண்டு முறை வீட்டுக்குப் போய் ஆரஞ்சுப் பழம் கொடுத்துவிட்டு வந்தார். வயிற்றில் எரிச்சல் இல்லை. போய்விட்டது, ஏதோ கெட்ட நேரத்தில் வந்தது, அணைந்துவிட்டது என்று நிம்மதியாக இருந்தார். நடந்தது அடிக்கடி நினைவுக்கு வரும். அப்போது, நான் என்ன செய்தேன், ஒன்றும் செய்யவில்லையே என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். ஒரு நாளைக்கு நாலைந்து முறை சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

ஏழாவது வாரம் பர்வீன் திரும்பி வந்தாள். நடுவிரல் மடங்கவில்லை. இடது கையால் ஸ்பேனர் பிடித்துப் பழகிக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கே லோகாம்பாள் வந்தார், முட்டி வலியோடு, ஒரு கூடை கொய்யாப்பழத்தையும் தூக்கிக்கொண்டு. பர்வீனைக் கட்டிக்கொண்டார். "இனிமே என் வண்டில நீ மட்டும்தான் கை வெக்கோணும்" என்றார். அதே வண்டிக்கு ரப்பர் மாற்றி, ஆட்டத்தை நிறுத்தி, அந்த அம்மாவின் வீட்டு வாசலில் கொண்டுபோய் விட்டவர் நாச்சிமுத்து. அவர் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். கூடை அவரைத் தாண்டிப் போனது.

விரல் போயும் இவளைத்தானே தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள் என்று வயிற்றுக்குள் எழுந்தது.

நாச்சிமுத்துவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் எதுவும் செய்யவில்லை, எதுவும் நினைக்கக்கூட இல்லை. அதுவாகவே எழுந்தது.

பர்வீன் பழத்தை எடுத்துக்கொண்டு அவரிடம் வந்தாள்.

"இந்தாங்கண்ணா, முதல்ல உங்களுக்கு. அண்ணா, ஒரு உதவி. அடுத்த வாரம் நான் மறுபடியும் உள்ள கை வெக்கலாம்னு டீச்சர் சொல்லிட்டாங்க. நெனச்சாலே நடுங்குது. நீங்க காவல் நின்னா தைரியமா வெப்பேன். வேற யாரும் வேண்டாம்."

"ஏன் அம்மிணி, நான்தான்..."

"அன்னிக்கு நீங்க என் கையை எறக்கவே விடலையே. ஆட்டோல பூரா தூக்கிப் பிடிச்சுட்டே வந்தீங்க."

அவர் பழத்தை வாங்கிக்கொண்டார்.

மத்தியானம் சாப்பாடு முடிந்து டீச்சர் தனியாக இருந்தபோது போனார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கோணுமுங்க."

"கேளுங்கண்ணா."

"காவல் நின்ன ஆளு ஒண்ணுமே பண்ணாம இருந்தா, அது தப்புல சேருமுங்களா? அவன் எதையும் தொடலீங்க. யாரையும் தள்ளி விடலீங்க. சும்மா நின்னான், அவ்வளவுதான்."

டீச்சர் எழுந்தார். ஷெட்டில் நின்ற ஹைபிரிட் காரில் ஏறி, பிரேக்கை மிதித்துப் பட்டனை அழுத்தினார். பச்சை எழுத்து எரிந்தது. ஏசியை முழுசாக வைத்துவிட்டு இறங்கி வந்து பானெட்டைத் தூக்கினார்.

"கேட்டுப் பாருங்க. இப்ப இது என்ன பண்ணுது?"

நாச்சிமுத்து பழக்க தோஷத்தில் காதைக் கிட்டே கொண்டுபோனார்.

"ஒண்ணும் பண்ணலீங்க. சும்மா நிக்குது."

"அப்பக் கைய உள்ள விடுங்க."

அவருடைய கை அசையவில்லை.

"பெல்ட்டுக்குப் பின்னால விடுங்கண்ணா. சும்மாதானே நிக்குது?"

அவர் பின்னால் நகர்ந்தார். இருவரும் பேசாமல் நின்றார்கள். வண்டியும் பேசாமல் நின்றது. இப்படி எவ்வளவு நேரம் போனது என்று தெரியாது. பிறகு யாரும் தொடாமல், யாரும் கேட்காமல், எஞ்சின் எழுந்தது. பெல்ட் சுற்றியது.

நாச்சிமுத்து தன் வலது கையை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

டீச்சர் வண்டியை அணைத்தார்.

"பச்சை எழுத்தைப் பாத்தனுங்க டீச்சர்" என்றார் நாச்சிமுத்து. "அன்னிக்கு எரிஞ்சுது. பாத்துட்டு வாயை மூடிட்டு நின்னேன். நீங்க வந்து அவளைத் திட்டோணும்னு நின்னேன்."

டீச்சரின் முகம் சிவந்தது. குருவுக்குக் கோபம் வராது என்று யார் சொன்னார்களோ தெரியாது. இந்தக் குருவுக்கு வந்தது.

"ரெண்டு விரலுண்ணா" என்றார்.

நாச்சிமுத்து கையுறையை எடுத்து வந்து மேசைமேல் வைத்தார். டீச்சர் அதைத் தொடவில்லை.

"போயிருச்சுன்னு நெனச்சனுங்க" என்றார் நாச்சிமுத்து. "கையுறை கெடைச்சதும் சுத்தமா அணைஞ்சிருச்சு. அவ மேல பாவமாத்தான் இருந்துச்சு. சத்தியமா சொல்றனுங்க, அடிவயித்துல ஒண்ணுமே இல்ல. இன்னிக்கு அந்தம்மா ஒரு கூடை கொய்யாப்பழம் கொண்டுவந்துச்சு. அவ்வளவுதான், மறுபடியும் எழுந்துருச்சு. நான் ஒண்ணுமே பண்ணலீங்க டீச்சர். இது எப்பங்க நிக்கும்?"

"எனக்குத் தெரியாது."

"நீங்களே தெரியாதுன்னா எப்படிங்க?"

"நான் வண்டி பாக்கறவ, அண்ணா. எப்ப நிக்கும்னு வண்டிகிட்டயே நான் கேக்கறதில்ல. காவலுக்கு ஆளை நிக்க வெக்கறேன்."

"எனக்கு ஆருங்க காவல் நிப்பாங்க?"

டீச்சர் வாசல் பக்கம் பார்த்தார். அங்கே பர்வீன் மடங்காத விரலை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, இடது கையால் கொய்யாப்பழத்தை நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அவளைப் போய்க் கேளுங்க" என்றார் டீச்சர். "எதுக்குன்னு சொல்லிட்டுக் கேளுங்க."